பகடை இல்லாத பலகை

என் அத்தா அட்டை குத்தும் தொழில் செய்தவர். பட்டு நெசவை அருகிலிருந்து பாராதவர்களுக்கு அது என்ன தொழில் என்று சொல்லித்தான் ஆகவேண்டும். சேலையின் கரையில் வரவேண்டிய அன்னமோ மாங்காயோ முதலில் கட்டம் போட்ட தாளில் வரையப்படும். அந்தத் தாளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை. எந்தக் கட்டத்தில் வண்ணம் இருக்கிறதோ, அதற்கு நேராக அட்டையில் ஒரு துளை. குத்தி முடித்த அட்டைகள் நூலால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியிலிருந்து மாலையைப்போல் தொங்கும். நெசவாளர் மிதிக்க மிதிக்க அட்டைகள் நகரும். துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். இந்தப் பொறியைப் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டளவில் உருவாக்கினார் என்பதெல்லாம் அத்தாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அட்டை வரிசை மாறினால் அன்னத்தின் கழுத்து முறியும். "துளையெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று வாதாடாதே, வரிசையைப் பார்" என்பார்.

கணினி வந்து அந்தத் தொழிலை மெல்ல மெல்ல விழுங்கியது. அத்தா மறைந்தபின் அவருடைய பணியறையைப் பூட்டி வைத்திருந்தோம். உள்ளே சாக்கு சாக்காகப் பழைய அட்டைகள். பழைய தாள் வியாபாரியிடம் போட எனக்கு மனம் வரவில்லை. வைத்திருந்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

நான் செய்வது வேறு தொழில். திருமண நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்பவன். கொரோனா காலத்தில் திருமணங்கள் நின்றுபோய் நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, எங்கள் மஹல்லாப் பிள்ளைகள் சிலர் கைப்பேசியோடு வந்து, வீடியோ எடுக்கவும் வெட்டி ஒட்டவும் கற்றுத் தரச் சொன்னார்கள். பதின்மூன்று வயதிலிருந்து பதினாறு வயது வரை ஏழெட்டுப் பேர். ஞாயிறு தோறும் லுஹர் தொழுகைக்குப்பின் அத்தாவின் பணியறையைத் திறந்து வகுப்பு நடத்தத் தொடங்கினேன். பிறகு மூன்று பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். வகுப்பு நன்றாகத்தான் நடந்தது என்று நினைத்துக் கொண்டிருந்தேன்.

காஞ்சிபுரத்தின் தென்மேற்கு ஓரத்தில், பிள்ளையார்பாளையத்தைத் தாண்டி வேகவதி ஆற்றை ஒட்டி இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். பெயரிலேயே பருத்தி இருக்கிறது. இன்று அங்கே பட்டுத் தறிகளின் சத்தம் கேட்கிறது. பழைய சமணக் கோயில் இருப்பதால் ஜினகாஞ்சி என்றும் அதற்குப் பெயர். அங்கே ஒரு முதிய நெசவாளர். அத்தா குத்திய அட்டைகளை ஏற்றி நெய்தவர். என் மாணவர்களில் மிகவும் கெட்டிக்காரனான ஒருவன் அவரைப் படமெடுக்க விரும்பினான். நானே அழைத்துப்போய் அறிமுகம் செய்து வைத்தேன். பெரியவர் தறியிலிருந்து இறங்காமலே ஒரு மணி நேரம் பேசினார்.

அவர் சொன்னதன் சாரம் இது. ஒரு காலத்தில், என் மகன் இந்தத் தறியில் உட்கார வேண்டாம் என்று நினைத்தேன். அவனே வந்து உட்கார்ந்தான். இன்றைக்கு நான் பிடிக்கமுடியாத கோர்வையை அவன் பிடிக்கிறான். என் பெயர் இப்போது அவன் கையில் இருக்கிறது.

பையன் செய்த படம் நாற்பத்தொரு விநாடி ஓடியது. "என் மகன் இந்தத் தறியில் உட்கார வேண்டாம்" என்று பெரியவர் சொல்கிறார். அடுத்து, அவருடைய விரல்களின் குளோசப். அடுத்து, ஊருக்குள் எங்கோ ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் விலைச்சீட்டோடு ஒரு சேலை. மீண்டும் பெரியவரின் முகம், பேச்சில்லை. பின்னணியில் ஒற்றைக் குழலிசை. அவ்வளவுதான். அந்த வயதுப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த திரைப்படத்தின் தேசிய விருதைப் பெற்ற பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தை அவர்கள் பார்த்திருந்தார்கள். மகளின் திருமணச் சேலைக்காக இழை இழையாகப் பட்டு திருடும் நெசவாளரின் கதை அது. நெசவாளர் என்றாலே துயரம் என்று மனத்தில் பதிந்திருந்தது. நானும் அந்தப் படத்தொகுப்பைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்! வெட்டு அருமை" என்று சொன்னேன். இதை எழுதும்போதும் அந்தச் சொல் நெஞ்சில் உறுத்துகிறது.

வாட்ஸ்அப்பில் அது ஊரைச் சுற்றியது. பெரியவருக்குப் பாவு கொடுக்கும் வியாபாரியின் கைப்பேசிக்கும் போனது. கூலி கொடுப்பவனையே ஊர் பழிக்கும்படி பேசிவிட்டாய் என்று அவருக்குக் கோபம். இரண்டு மாதம் அந்தத் தறிக்குப் பாவு வரவில்லை. செய்தி எனக்கு எட்டுவதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. பெரியவர் வந்து சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வரவில்லை.

பையன் அழுதுகொண்டே கேட்டான்: "நான் பொய் எதுவும் சேர்க்கவில்லையே உஸ்தாத்? அவர் சொன்னதைத்தானே போட்டேன்?" அவன் கேட்டது சரி. ஒவ்வொரு துளையும் சரியாகத்தான் இருந்தது.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்னும் கருத்துள்ள ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். செய்தியைக் கேட்பவனுக்குரிய எச்சரிக்கையாகவே அதை நான் எண்ணி வந்திருந்தேன். எங்கள் பணியறையிலிருந்தே ஒரு செய்தி புறப்படும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

சில வாரங்கள் வகுப்பை நிறுத்தி வைத்தேன். மறுபடி தொடங்கும்போது கைப்பேசி இல்லாமல் தொடங்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்திருந்தேன். கைப்பேசியில் ஒரு தவறு செய்தால் அது அடுத்த நொடியில் ஊருக்குள் போய்விடுகிறது. தவறு செய்து பழக ஓர் இடம் வேண்டும். அரிச்சுவடி எழுதும் பிள்ளைக்கு மணல் இருந்ததைப் போல.

துபாயில் இருக்கும் என் மைத்துனர் விடுமுறையில் வந்தபோது 'ரோல் கேமரா' என்னும் பலகை விளையாட்டைக் கொண்டுவந்திருந்தார். மலாக்கை ரே ரெம்பன் என்னும் திரைப்படக் கலைஞர் உருவாக்கி 2021இல் வெளிவந்தது. நால்வர் வரை கூடி ஒரு படத்தை எடுத்து முடிக்க வேண்டும். பணமும் நாளும் கரைந்துகொண்டே இருக்கும். படம் மிக நன்றாக அமையவேண்டும், அல்லது சிரித்து மகிழும் அளவுக்கு மோசமாக அமையவேண்டும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் தோல்வி என்னும் விதியைக் கேட்டுப் பிள்ளைகள் புரண்டு சிரித்தார்கள். ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர் முதலிய பணியாளர்கள் அதில் பகடைகளாக வருகிறார்கள். உருட்டினால் எந்த முகம் மேலே வருகிறதோ, அந்தப் பணியாளர்தான் அந்த நேரத்துக்குக் கிடைப்பார். ஒரு படப்பிடிப்பின் பரபரப்பை அவ்வளவு நன்றாகக் காட்டும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அது எங்கோ ஒரு ஸ்டுடியோவில் கற்பனைக்கதை எடுப்பவர்களின் ஆட்டம். எங்கள் பிள்ளைகள் எடுப்பது தெருவில் இருக்கும் மனிதரை. எனவே எங்களுக்கென்று ஒன்றை நாங்களே செய்யத் தொடங்கினோம்.

அத்தாவின் அட்டைகள் அப்போதுதான் வெளியே வந்தன. நீளமான, உறுதியான, ஒரு பக்கம் எண் எழுதிய அட்டைகள். அவற்றின் மறுபக்கத்தில் ஒவ்வொரு ஷாட்டாக எழுதினோம்: 'தெருமுனையிலிருந்து வீடு, தூரக் காட்சி', 'தார் சுற்றும் கை, குளோசப்', 'வாசலில் கோலம்', 'பேசுபவரின் முகம்', 'பேசுபவரைக் கேட்பவரின் முகம்'. பலகைக்கு அத்தாவின் கட்டத்தாள் ஒன்றை எடுத்து, பன்னிரண்டு பெரிய கட்டங்களை வரைந்தோம். பன்னிரண்டு ஷாட்டில் ஒரு படம். விளையாட்டுக்குக் 'கோர்வை' என்று பெயர் வைத்தான் ஒருவன். எங்கள் ஊரில் இது வெறும் சொல் அன்று. கரையையும் உடலையும் வெவ்வேறு நாடாக்களால் தனித்தனி நிறத்தில் நெய்துகொண்டே இரண்டையும் பிரிக்க முடியாதபடி இழையோடு இழை பிணைக்கும் முறைக்குக் கோர்வை என்று பெயர். மறுபுறம் நின்று நாடா வாங்கித்தர இன்னோர் ஆள் வேண்டும். தனி ஒருவரால் ஆகாது.

எத்தனை ஷாட் எடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்க வீட்டிலிருந்த தாயக்கட்டையைப் பயன்படுத்தினோம். சிக்கல் அங்கே தொடங்கியது.

அஸர் தொழுகைக்கு முன் ஒருநாள் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அந்த வழியாக வந்தவர், தாயக்கட்டை உருளும் ஓசையைக் கேட்டு வாசலில் நின்றார். உள்ளே வந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "பாய், நோக்கம் நல்லது. கட்டை வேண்டாமே" என்றார்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். "காசு வைத்தா ஆடுகிறோம் ஹஜ்ரத்? பாடம் நடத்துகிறோம்" என்றேன். நர்த் எனப்படும் பகடையாட்டத்தைக் கண்டிக்கும் நபிமொழிகள் ஸஹீஹ் முஸ்லிமிலும் அபூதாவூதிலும் இருப்பதை அவர் நினைவூட்டினார். சதுரங்கத்தில் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு; ஷாஃபிஈ மத்ஹபில் சில நிபந்தனைகளோடு இளக்கம் காட்டியிருக்கிறார்கள். ஆனால் பகடையைப் பொறுத்தவரை, பணயம் இல்லாவிட்டாலும், பெரும்பாலான அறிஞர்கள் விலக்கையே சொல்லியிருக்கிறார்கள் என்றார். நானும் விடவில்லை. எங்கோ படித்ததை நினைவுபடுத்தி, பாம்பும் ஏணியுமான ஆட்டத்தில் சூஃபிகளுக்கே ஒரு வடிவம் இருந்தது, 'ஷத்ரஞ்சுல் ஆரிஃபீன்' என்று பெயர். சமணர்களுக்கு ஞான சௌபட், வைணவர்களுக்குப் பரமபத சோபானம் என்று எல்லாரும் பலகையில்தான் பாடம் நடத்தியிருக்கிறார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "பலகையை நான் வேண்டாம் என்றேனா? கட்டையைத்தானே சொன்னேன்."

அன்றிரவு அவர்மேல் கோபமாகத்தான் படுத்தேன். மறுநாள் காலையில் கோபம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பெரியவருக்கு நேர்ந்ததை இந்த ஆட்டத்தில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் ஆடிப் பார்த்தேன். கட்டை உருளுகிறது, தாயம் விழவில்லை, பேச்சின் பாதியைத்தான் எடுக்க முடிகிறது. பாவம், விதி. இப்படித்தான் ஆட்டம் கற்றுக்கொடுத்திருக்கும். ஆனால் பேச்சின் மறுபாதி கைப்பேசியில் பத்திரமாக இருந்தது. அதை வெட்டியது கட்டை அன்று. குழலிசையைச் சேர்த்தது கட்டை அன்று. வெட்டு அருமை என்று சொன்னதும் கட்டை அன்று. ஹஜ்ரத் சொன்ன காரணம் மார்க்கம் சார்ந்தது. அதை ஏற்பதற்கு எனக்கு வேறு காரணம் தேவையில்லை. ஆயினும் பகடை இருந்திருந்தால் எங்கள் ஆட்டம் எதை மறைத்திருக்கும் என்பதை அவர் தடுத்த பிறகுதான் கண்டேன்.

தாயக்கட்டைக்குப் பதிலாக எதை வைப்பது? ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொண்டோம். மூன்று புலி, பதினைந்து ஆடு. அதில் உருட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் கண்முன்னே கிடக்கும். ஆடு வெட்டுப்பட்டால் வைத்தவன் பார்க்காமல் வைத்தான் என்று பொருள்.

புதிய விதிகள் இப்படி அமைந்தன. படம் எடுக்கும் அணிக்கு இருபது புளியங்கொட்டை. ஒரு கொட்டை கால் மணி நேரம். தூரக் காட்சிக்கு ஒன்று, குளோசப்புக்கு இரண்டு, பேட்டிக்கு நான்கு. பன்னிரண்டு கட்டத்தையும் பேட்டியால் நிரப்ப நினைத்தால் ஐந்தாவது கட்டத்திலேயே கை காலியாகிவிடும். எதை எடுப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகாவிட்டால் படப்பிடிப்பு சீரழியும் என்பதை நான் வகுப்பில் பலமுறை சொல்லியும் ஏறவில்லை. கொட்டை தீர்ந்தபோது ஏறியது. எதிரணியின் கையில் மூன்று புலி அட்டைகள் எல்லாரும் பார்க்கும்படி விரித்து வைக்கப்பட்டிருக்கும். உரிய நேரத்தில் அவர்கள் ஒன்றைப் போடலாம். 'வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது', 'பெயரைச் சரியாகக் கேட்கவில்லை', 'மீதி எங்கே?'.

முதலில் 'மழை' என்றும் ஒரு புலி இருந்தது. "மழை யாருடைய முடிவு? அதுவும் கட்டை மாதிரிதானே?" என்று ஒருவன் கேட்டான். பெண் பிள்ளைகளில் ஒருத்தி உடனே, "மழை அல்லாஹ்வின் முடிவு. குடை எடுக்காமல் போனது உன் முடிவு" என்றாள். அந்த அட்டையை அடித்துவிட்டுக் 'குடை எடுக்கவில்லை' என்று எழுதிக்கொண்டோம்.

இரண்டு அணிகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் படத்தில் வருபவர். அவரிடம் பத்துக் கொட்டை. அவை அவருடைய வேலைநேரம். தறிச்சத்தத்தில் பேச்சு கேட்காது. பேட்டி எடுக்க வேண்டுமானால் தறியை நிறுத்தச் சொல்ல வேண்டும். தறி நின்றால் கூலி நிற்கும். ஆகவே பேட்டிக்கு நான்கு கொட்டை எடுக்கும் அணியின் கையிலிருந்து போவதோடு, அவருடைய குவியலிலிருந்தும் இரண்டு போகும். இந்த விதியைச் சேர்த்த அன்று எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பெரியவர் எங்களுக்காக ஒரு மணி நேரம் தறியை நிறுத்திவிட்டுத்தான் பேசினார். அதை நாங்கள் யாரும் கணக்கில் எழுதவில்லை.

பேட்டி அட்டை மூன்று துண்டுகளாக இருக்கும். மூன்றையும் வைக்கலாம், ஒன்றை மட்டும் வைத்துக் கட்டத்தை மிச்சப்படுத்தலாம். வெட்டுவது தவறு என்று நாங்கள் விதி எழுதவில்லை. வெட்டாமல் படம் கிடையாது. எதிரணி 'மீதி எங்கே?' புலியைப் போட்டால், விட்ட துண்டுகளைப் பலகையின் அருகே எல்லாரும் காண வைக்கவேண்டும். படத்தில் வருபவர் அவற்றைப் பார்த்து, சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வார். வேண்டாம் என்றால் அந்தக் கட்டம் காலி. செலவழித்த கொட்டை திரும்ப வராது.

கட்டத்தில் அடுக்குவதன் ஆற்றலைக் காட்ட ஒரு பழைய சோதனையையும் சேர்த்தேன். ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் 1920களை ஒட்டிச் செய்து காட்டியது. மொஜூகின் என்னும் நடிகரின் ஒரே முகக்காட்சியை ஒரு கிண்ணம் சூப்புக்கு அருகிலும், ஒரு சவப்பெட்டிக்கு அருகிலும், ஒரு பெண்ணுக்கு அருகிலும் வைத்தபோது, பார்த்தவர்கள் முறையே பசியையும் துயரத்தையும் ஆசையையும் அந்த முகத்தில் கண்டார்களாம். முகம் மாறவில்லை. நாங்கள் எங்கள் அட்டைகளில் 'பெரியவரின் முகம்' என்பதற்கு முன் விலைச்சீட்டை வைத்தோம்; பிறகு அதே இடத்தில் 'மகனின் கை, கோர்வை பிடிக்கிறது' என்பதை வைத்தோம். கெட்டிக்காரப் பையன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வெளியே போய்விட்டான். அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது.

இதே வேலையை நம் ஊரிலேயே பல நூற்றாண்டுகளுக்கு முன் செய்து வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில் சங்கீத மண்டபம் ஒன்று உண்டு. விஜயநகர அரசின் அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் 1387இல் கட்டியது. பிற்காலத்தில் அங்கே விதானத்தில் வரையப்பட்ட ஓவியங்கள், தீர்த்தங்கரர்களான ரிஷபதேவர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோரின் வரலாற்றைப் பட்டை பட்டையாகச் சொல்கின்றன. நேமிநாதரின் உறவினராகக் கிருஷ்ணரின் கதையும் வருகிறது. காட்சிகளுக்கு அடியில் விளக்க வரிகளும் உண்டு. சென்னை அருங்காட்சியக வெளியீடாக டி. என். ராமச்சந்திரன் 1934இல் எழுதிய நூல் இந்தக் கோயில்களைப் பற்றியதே.

பிள்ளைகளை அங்கே அழைத்துப்போவதற்கு முன் பெற்றோரிடம் சொன்னேன். இருவர் அனுப்பவில்லை, அவர்களோடு நான் வாதாடவும் இல்லை. வழிபாட்டுக்காகப் போகவில்லை, நம் ஊரில் கதையை எப்படி அடுக்கினார்கள் என்று பார்க்கப் போகிறோம் என்று ஹஜ்ரத்திடமும் தெரிவித்துவிட்டுத்தான் போனேன். உயிருள்ளவற்றின் உருவம் பற்றி நம்மிடையே உள்ள கருத்துகளையும் நான் அறியாதவன் அல்லன். கைப்பேசியில் நாள் முழுதும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்பாகவும் அது அமைந்தது.

கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள். ஒரு பட்டையிலிருந்து மறுபட்டைக்குக் கண் எப்படிப் போகிறது, எங்கே திரும்புகிறது, ஒரே ஆள் ஒரே சுவரில் மறுபடி மறுபடி எப்படி வருகிறார் என்று தங்களுக்குள் சுட்டிக்காட்டிக்கொண்டார்கள். ஓரிடத்தில் வண்ணம் உதிர்ந்து காட்சி அழிந்திருந்தது. "இங்கே என்ன இருந்திருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். முன்னும் பின்னும் உள்ள காட்சிகளை வைத்து ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளே, "தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டுவிட வேண்டியதுதான்" என்றாள். அடுத்த வாரம் எங்கள் பலகையில் புதிதாக ஒரு விதி வந்தது: காலிக் கட்டத்தோடும் படத்தை முடிக்கலாம், அதற்குக் கொட்டை தேவையில்லை.

வகுப்பு இதனால் மாபெரும் மாற்றம் கண்டது என்று எழுதினால் அதுவும் ஒரு வெட்டுதான். இரண்டு பிள்ளைகளுக்கு ஆட்டம் சலித்துப்போய், பழையபடி கைப்பேசியில் நடன வீடியோக்களுக்குத் திரும்பினார்கள். ஒலிப்பதிவைப் பலகையில் கற்பிக்க முடியவே இல்லை. காதால் கேட்டுப் பழகவேண்டியதை அட்டையில் எழுதி என்ன பயன்? வெளிச்சமும் அப்படித்தான். திட்டமிடுவதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் எதிரே இருப்பவரைக் கேட்பதற்கும் பலகை உதவியது. மற்றவற்றுக்கு மறுபடியும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெயிலில்தான் நிற்க வேண்டியிருந்தது.

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க நானும் பையனும் முன்பே ஒருமுறை போயிருந்தோம். அதற்குள் வேறொருவரிடமிருந்து அவருக்குப் பாவு வந்திருந்தது. தறியிலிருந்து தலையை உயர்த்தாமல், "வேலை இருக்கிறது, பாய்" என்றார். நாங்கள் கொண்டுபோன பழப்பையை அவருடைய மருமகள் வாங்கி வைத்தார். அவ்வளவுதான்.

நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு பிரியாணி எடுத்துக்கொண்டு மறுபடி போனோம். அவர்கள் வீட்டில் சைவம் என்பது வாசலை மிதித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெரியவரின் மகன் சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று வாங்கிக்கொண்டார். பையன் பலகையைத் திண்ணையில் விரித்தான். அவனாகத்தான் செய்தான், நான் சொல்லவில்லை. "தாத்தா, இதில் நீங்கள் படத்தில் வருபவர். எங்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் நீங்கள் சரி, வேண்டாம் சொல்லலாம்" என்றான்.

பெரியவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பையன் முதல் அட்டையை வைத்தான். வேண்டாம் என்றார். இரண்டாவது அட்டை. வேண்டாம். தெருமுனையிலிருந்து வீடு என்னும் தூரக் காட்சியைக்கூட வேண்டாம் என்றார். ஐந்தாறு அட்டை இப்படியே போயிற்று. பையனுடைய கொட்டை பாதி தீர்ந்துவிட்டது. அவன் முகம் சிவந்தது. ஆனால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஒவ்வொரு கொட்டையாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே போனான். மகனுக்குச் சங்கடமாகி, "அப்பா, போதும்" என்றார்.

பெரியவர் அதைக் காதில் வாங்கவில்லை. கடைசியாக வைத்த அட்டையைக் கையிலெடுத்துத் திருப்பினார். நாங்கள் எழுதிய பக்கத்தை அவர் படிக்கவே இல்லை. பின்பக்கத்துச் சிவப்புப் பென்சில் எண்ணைப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்து, துளைகளை விரலால் தடவினார்.

"இது உங்க அத்தா எழுத்து" என்றார் என்னிடம்.

ஆமாம் என்றேன்.

"ஏழு இப்படித்தான் போடுவார். கொக்கி மாதிரி." மகனிடம் அட்டையைக் காட்டி, எந்தச் சேலை, எந்த வருடம், யாருடைய கல்யாணம் என்று சொல்லத் தொடங்கினார். மகனுக்கு நினைவில்லை. பெரியவருக்கு எல்லாம் நினைவிருந்தது. பையன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கை கைப்பேசி இருந்த பையின் பக்கம் ஒருமுறை போய், திரும்பி வந்துவிட்டது.

அஸருக்கு நேரமாகிவிட்டதென்று நாங்கள் எழுந்தபோது, மற்ற அட்டைகளை அடுக்கிக் கொடுத்தார். அந்த ஒன்றை மட்டும் தறிக்கு மேலே கூரைக்கும் மூங்கிலுக்கும் இடையே செருகி வைத்துக்கொண்டார். 'தார் சுற்றும் கை, குளோசப்' என்பது அது. இப்போதும் அந்த அட்டை இல்லாமல்தான் ஆடுகிறோம். புதிதாக ஒன்று எழுதிச் சேர்த்துவிடலாமே என்று நான் சொன்னால், பையன் வேண்டாம் என்கிறான்.